ராவுத்தர் என்றால் யார்? ஒரு பட்டப்பெயரின் வேரைத் தேடிப் போகும் வழி

போன வருடம் உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு நிக்காஹ் பத்திரிகை வந்தது. மணமகனின் பாட்டனார் பெயருக்குப் பின்னால் 'இராவுத்தர்' என்று இருந்தது. தகப்பனார் பெயருக்குப் பின்னால் 'ராவுத்தர்'. மணமகனுக்கு ஒன்றுமில்லை, முன்னால் ஒரு இனிஷியலும் பின்னால் எம்.பி.ஏ.வும்தான். ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினால் பாட்டனார் 'ஆர், ஓ, டபிள்யூ' என்று தொடங்குகிறார், பாலக்காட்டுச் சம்பந்தி 'ஆர், ஏ, டபிள்யூ' என்று தொடங்குகிறார். பத்திரிகை கொடுத்த நண்பரிடம், "பாய், ராவுத்தர்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"குதிரைக்காரர்னு சொல்லுவாங்கண்ணே. எங்க வீட்ல கழுதைகூட இருந்ததில்ல" என்றார்.

அந்தப் பதிலில் பாதி சரி. மீதிப் பாதியைத் தேடத்தான் இந்த வழிகாட்டி. ராவுத்தர் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து வீட்டுப் பத்திரம் வரை படிப்படியாகப் போகப்போகிறோம். உங்கள் வீட்டுப் பெயர் அம்பலமாக இருக்கலாம், சேர்வையாக இருக்கலாம், மழவராயராக இருக்கலாம். வழி பெரும்பாலும் இதேதான். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சொல்லுக்கு ஒரு வம்சாவளி உண்டு, அந்தச் சொல்லைச் சுமக்கும் குடும்பத்துக்கு வேறொரு வம்சாவளி உண்டு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டும்போதுதான் எல்லாக் குழப்பமும் வருகிறது.

படி 1: எழுத்துக்கூட்டல்களை எல்லாம் ஒரு தாளில் சேருங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். இராவுத்தர், ராவுத்தர், ரவுத்தர், ரௌத்தர், ராவுத்தன், இராவுத்தன். ஆங்கிலத்தில் எத்தனை விதமாகப் பார்த்தீர்களோ அத்தனையும். பாஸ்போர்ட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்று இருப்பது சகஜம். எந்த குமாஸ்தாவுக்கு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். எது 'சரியான' எழுத்து என்று இப்போதே சண்டை போட வேண்டாம். தேடும்போது எல்லா வடிவமும் தேவைப்படும், அவ்வளவுதான்.

'அன்' விகுதி வடிவத்தை விட்டுவிடாதீர்கள். இன்று மரியாதைக்காக எல்லாரும் 'அர்' போட்டு எழுதுகிறோம். பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் அகராதியிலும் பெயர் பெரும்பாலும் ஒருமையில், 'அன்' என்றுதான் கிடக்கும். ராவுத்தர் என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இராவுத்தன் என்று ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.

படி 2: முதல் எழுத்து என்ன சொல்கிறது?

தமிழ் மரபில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. வெளியிலிருந்து வரும் சொல் ரகரத்தில் தொடங்கினால் அதன் முன்னால் அ, இ, உ ஆகிய குறில்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நன்னூலே விதி சொல்கிறது. ரங்கம் அரங்கம் ஆனது, ராமன் இராமன் ஆனான், ரோமம் உரோமம் ஆனது எல்லாம் இப்படித்தான்.

ஆகவே 'இராவுத்தர்' என்பதில் உள்ள இகரம் வேரின் பகுதி கிடையாது. அது தமிழ் வைத்த வாசற்படி. சொல் வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

இந்த இடத்தில் வழுக்கி விழுபவர்கள் உண்டு. 'இரா' என்றால் இரவு அல்லவா, இரவில் காவல் காத்தவர்கள், அதனால் இராவுத்தர் என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். கேட்க அழகாகத்தான் இருந்தது. மிச்சமுள்ள 'வுத்தர்' என்னவென்று கேட்டேன். "உத்தரவு போடுறவங்க" என்றார். சொல்லை நம் வசதிக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அர்த்தம் ஒட்டினால் எந்தப் பெயருக்கும் எந்தக் கதையும் கிடைக்கும். ஒரு துண்டு பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் நின்றால் அந்த விளக்கத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்.

படி 3: அகராதியை எப்படிப் பார்ப்பது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான் முதல் நிறுத்தம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னால் ஓர் அனுபந்தமும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இதை இலவசமாகத் தேடலாம். இகரத்தோடு, ஒருமையில் தேடுங்கள்: இராவுத்தன். குதிரைவீரன் என்று பொருள் கிடைக்கும்.

என் நண்பர் சொன்னது சரிதான் என்று இங்கேயே புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அகராதியில் பொருளைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பு. இரண்டு, எந்த நூலில் ஆளப்பட்டிருக்கிறது என்ற மேற்கோள். பெரும்பாலானவர்கள் பொருளைப் பார்த்தவுடன் இறங்கிவிடுகிறார்கள். நமக்கு வண்டி அதற்கப்புறம்தான் கிளம்புகிறது.

படி 4: பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள்

சொல் வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் பக்கத்து மொழிகளிலும் அதன் கால்தடம் இருக்க வேண்டும்.

தெலுங்கில் ரௌது என்றால் குதிரை ஏறுபவன். 'ரௌது கொத்தி குர்ரம்' என்று இன்றும் பழமொழி சொல்வார்கள். ஏறுபவன் எப்படியோ குதிரை அப்படி என்று அர்த்தம். மேலாளர் சரியில்லாத அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வாக்கியம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. கன்னடத்தில் ராவுத, ராஹுத என்று இரு வடிவங்கள். 15ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவி குமாரவியாசரின் பாரதத்தில் போர்க்களம் வந்தாலே ராவுதரும் மாவுதரும் வந்துவிடுவார்கள்: குதிரை ஏறியவர்கள், யானை ஏறியவர்கள். மராத்தியில் ராவூத் என்றால் குதிரைப்படைக்காரன், மகாராஷ்டிரத்தில் அது பரவலான குடும்பப் பெயரும்கூட. ஒடிசாவில் ரௌத். ராஜஸ்தானிலும் உத்தராகண்டிலும் ராவத்.

இப்போது படம் பெரிதாகிவிட்டது. கம்பம் ஊரில் இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பமும், புனேயில் இருக்கும் ஒரு இந்துக் குடும்பமும், கட்டாக்கில் இருக்கும் இன்னொரு குடும்பமும் ஒரே சொல்லின் மூன்று வடிவங்களைப் பெயரோடு சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொந்தம் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் ஊரில் நாலு சாதியில் 'பிள்ளை' இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

படி 5: ஒலி எப்படித் தேய்ந்தது என்று வரைந்து பாருங்கள்

இந்தப் பெயர்கள் அத்தனைக்கும் மூலம் ராஜபுத்ர என்ற சமஸ்கிருதச் சொல். அரசனின் மகன். இந்தோ-ஆரிய மொழிகளுக்கான டர்னரின் ஒப்பீட்டு அகராதியில் ராஜபுத்ர என்ற தலைச்சொல்லின் கீழ் வடநாட்டு வடிவங்களை வரிசையாகப் பார்க்கலாம். அதே சிகாகோ தளத்தில் அதுவும் இருக்கிறது.

ராஜபுத்ர எங்கே, ராவுத்தர் எங்கே என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தால் இயல்பாகவே வரும். பழைய பேச்சுமொழியான பிராகிருதத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஜகரம் தேய்ந்து யகரமாகும். ராஜ என்பது ராய ஆகும். விஜயநகரத்து ராயர்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள்தான். அடுத்து, புத்ர என்பதன் இறுதியில் உள்ள 'த்ர' இரட்டித்து 'த்த' ஆகும்: ராயபுத்த. நடுவில் நிற்கும் பகரமும் மறையும்: ராயஉத்த. அதுவும் சுருங்கி ராஉத்த. ஆகாரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே வாயில் வகரம் தானாக வரும், நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வகர உடம்படுமெய்தான். ராவுத்த. தமிழுக்குள் வந்ததும் முன்னால் இகரம், பின்னால் அன் விகுதி. இராவுத்தன்.

அந்த இரட்டைத் தகரத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள். அது சமஸ்கிருதத்திலிருந்து நேரடியாக வந்த சொல்லாக இருந்தால் 'புத்திரன்' என்பதுபோல ரகரம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். ரகரம் போய் 'த்த' நிற்பதால் பேச்சுமொழி வழியாக, பிராகிருதக் காலடிகளில் நடந்து வந்தது என்று தெரிகிறது. பட்டாளத்துச் சொற்கள் பண்டிதர்கள் வழியாக வருவதில்லை, பட்டாளத்தின் வழியாகவே வருகின்றன.

சரி, அரசகுமாரன் எப்படிக் குதிரைவீரன் ஆனான்? அரசனின் மகன், அப்புறம் அரச குலத்தவன், அப்புறம் குதிரை வைத்துப் போருக்கு வரும் பிரபு, கடைசியில் குதிரையேறிச் சண்டை போடும் எவனும். குதிரை என்பது விலை உயர்ந்த சொத்தாக இருந்த காலத்தில் இது இயல்பான சரிவு. ராஜ்புத் என்ற பெயர் அதே மூலத்தை இன்னும் பளிச்சென்று வைத்திருக்கிறது. ராவுத்தர் என்பது தேய்ந்த நாணயம். இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை.

இதற்கு ஒரு ஜோடி உண்டு. யானைப்பாகனை மாவுத்தன் என்கிறோமே, அதன் மூலம் மகாமாத்ர. அசோகர் கல்வெட்டுகளில் தர்ம மகாமாத்திரர்கள் என்று வரும் உயரதிகாரிகள் அவர்கள்தான். பேரரசின் பெரிய அதிகாரி பதவியிறங்கி இறங்கி யானைக்குத் தழை போடுகிறவர் ஆகிவிட்டார். அரசகுமாரனுக்கு அந்த அளவு இறக்கமில்லை, குதிரையாவது மிஞ்சியது. ஒரு சொல்லின் வரலாறு சந்தேகமாக இருந்தால் இப்படி ஒரு ஜோடியைத் தேடுங்கள். இரண்டு சொற்கள் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் நம்பிக்கை கூடும்.

படி 6: தேதியைப் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு சொல் தமிழில் எப்போது இருந்தது என்று உறுதியாகச் சொல்ல, அதை எழுதிய ஒருவர் வேண்டும். அவருடைய காலமும் தெரிய வேண்டும்.

ராவுத்தனுக்கு அப்படி ஒருவர் கிடைக்கிறார். யாரென்று ஊகிப்பது கஷ்டம். அருணகிரிநாதர்! கந்தரலங்காரத்தில் மயில் ஏறும் முருகனை அவர் இராவுத்தன் என்றே அழைக்கிறார். அதே நூலில் எமன் வரும்போது 'தோகைப் புரவியில் தோன்றி நிற்பாய்' என்று இன்னோரிடத்தில் பாடுகிறார். மயில்தான் குதிரை, முருகன்தான் குதிரைவீரன். இன்று ஒரு முருக பக்தரிடம் போய் 'உங்கள் சாமி ராவுத்தர்' என்றால் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு மதம் இல்லை, சேணம்தான் இருந்தது.

அருணகிரிநாதரின் காலத்துக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. திருப்புகழில் அவர் பிரபுடதேவ மகாராஜன் என்று ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவரை விஜயநகரத்தின் பிரௌட தேவராயர், அதாவது 1422 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயர் என்று கொள்கிறார்கள். இந்தத் தேவராயர்தான் தன் படையில் முஸ்லிம் குதிரைவீரர்களையும் வில்லாளிகளையும் சேர்த்துக்கொண்டவர். அவர்களுக்கு நிலம் கொடுத்தார், தலைநகரில் மசூதி கட்டித்தந்தார், அவர்கள் வணங்கும்போது மனம் கோணாமல் இருக்கச் சிம்மாசனத்தின் முன்னால் குர்ஆனை வைக்கச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதுகிறார். அகமது கான் என்ற அதிகாரி அவருடைய ஆட்சியில், 1439இல், விஜயநகரத்தில் கட்டிய மசூதியின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. குதிரைவீரன் என்ற பொதுச்சொல்லும் முஸ்லிம் வீரன் என்ற அடையாளமும் எந்தத் தெருவில் கைகோத்திருக்கும் என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தத் தெருவைத்தான்.

தேதி கிடைத்தால் இன்னொரு லாபம்: பிழையான கதைகள் தானாகக் கழன்று விழும். மராத்தியில் ராவூத் இருப்பதைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூர் மராத்தியர்களோடு இந்தச் சொல் வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஏகோஜி தஞ்சையைப் பிடித்தது 1670களில். அதற்கு இருநூறு ஆண்டுக்கு மேல் முன்பே அருணகிரிநாதர் பாடிவிட்டார். ஆற்காட்டு நவாப் காலம் என்பது அதைவிடவும் பிந்தியது. மீதம் நிற்கும் வழிகள் கன்னடமும் தெலுங்கும். 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளர் சமயபுரம் கண்ணனூரில் தலைநகர் வைத்திருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் குமார கம்பணரின் விஜயநகரப் படை மதுரை வரை வந்தது. இந்த இரண்டில் ஒன்றின் குளம்படியில் சொல் வந்திருக்க நியாயம் அதிகம் என்பது என் கணிப்பு.

படி 7: சொல்லுக்குப் பின்னால் இருந்த தொழிலைப் பாருங்கள்

குதிரைவீரன் என்ற பொருளைத் தெரிந்துகொண்டால் போதாது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் குதிரை என்பது என்னவாக இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் பெயருக்கு இருந்த கனம் புரியும்.

நம் மண்ணில் நல்ல போர்க்குதிரை வளராது. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வர வேண்டும். தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் வந்து இறங்கும். நம் கரைக்கும் காம்பே முதலிய துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒன்றின் விலை 220 தினார் பொன் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கையில் கொஞ்சம் உப்பு அதிகமாக இருக்கலாம், ஆனால் வியாபாரம் பெரிது என்பதில் சந்தேகமில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ வேறொரு காட்சியைக் காட்டுகிறார். அரசர் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார், வருடம் முடியும்போது நூறுகூட உயிரோடு இல்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. இறைச்சியும் சோறும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். லாடம் அடிப்பவர்களை இந்தப் பக்கமே வரவிடாமல் குதிரை வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்.

இப்படி ஒரு நாட்டில், குதிரையை உயிரோடு வைத்திருக்கவும் ஏறி ஓட்டவும் தெரிந்த ஒருவனுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்! ராவுத்தன் என்று அழைப்பது, கை தேர்ந்த ஆளைப் பார்த்துச் சொல்லும் மரியாதை.

மாணிக்கவாசகர் கதை நினைவிருக்கிறதா? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை அவர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வருகிறார். அரசுப் பணத்தில் வெளிநாட்டுக் குதிரை வாங்குவது அன்று எவ்வளவு பழக்கமான காரியம் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. குதிரை அரபு நாட்டிலிருந்து வந்தது, அதனால் ராவுத்தர் என்ற சொல்லும் அரபு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சரக்கு வந்த கப்பல் வேறு, பெயர் வந்த பாதை வேறு.

படி 8: கோயில் வாசலில் ஒரு ராவுத்தர்

ஏட்டை விட்டு வெளியே வந்தாலும் சொற்கள் கிடைக்கும். செஞ்சிப் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களுக்குப் போனால் வாசல் பக்கம் முத்தால ராவுத்தர் என்று ஒரு காவல் தெய்வத்தைப் பார்க்கலாம். பாண்டவர் மனைவிக்குக் கோயில், அதற்கு ஒரு முஸ்லிம் காவல்காரர். உள்ளே அம்மனுக்குச் சைவம், வெளியே ராவுத்தருக்குச் சாராயமும் சுருட்டும். அவர் குதிரைக்குக் கொள்ளு.

கொள்ளை மறக்கவில்லை, பாருங்கள். குதிரை ஏறியவர் என்ற பொருள் ஊருக்கு மறந்திருக்கலாம், படையல் தட்டுக்கு மறக்கவில்லை. பட்டப்பெயரின் அர்த்தத்தைத் தேடுபவர்கள் ஊர்த் தெய்வங்களின் பெயரையும், அவற்றுக்கு என்ன வைக்கிறார்கள் என்பதையும் விசாரிப்பது நல்லது. அகராதிக்காரர்கள் வராத இடம் அது.

படி 9: இனி உங்கள் வீட்டுக் காகிதங்கள்

இதுவரை தேடியது சொல்லின் வம்சம். இனி குடும்பத்தின் வம்சம். இங்கே நடை மாற வேண்டும்: சொல்லைத் தேடும்போது நூற்றாண்டுகளைத் தாவிப் பின்னோக்கிப் போகலாம், ஆனால் குடும்பத்துக்கு இன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகத்தான் போக முடியும். நடுவில் தாவினால் கதை நம் கையில் இல்லை.

கிரயப் பத்திரங்களிலிருந்து தொடங்குங்கள். பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர் யார் மகன், எந்த ஊர், என்ன ஜாதி, ஜீவனம் என்ன என்று நீட்டி எழுதும் வழக்கம் இருந்தது. இதில் 'ஜீவனம்' என்ற சொல்தான் தங்கம். வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் ஆவண எண்ணைப் பிடித்து நகல் வாங்கலாம். அடுத்தது பள்ளிவாசல். ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரில், அதாவது திருமணப் பதிவேட்டில், மாப்பிள்ளை, பெண், இரு பக்கத்துத் தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். எந்தத் தலைமுறையில் 'ராவுத்தர்' ஒட்டியது, எதில் உதிர்ந்தது என்று அதில் பார்க்கலாம். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் பொறுமையாகக் கேளுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

சாதிச் சான்றிதழைப் பார்த்துக் குழம்புபவர்கள் நிறைய. வீட்டில் ராவுத்தர் என்கிறார்கள், சான்றிதழில் லெப்பை என்று இருக்கிறது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் 'லெப்பைகள்' என்ற ஒரே பதிவுக்குள் ராவுத்தரையும் மரைக்காயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அது அரசுப் பட்டியலின் வசதி. அதை வைத்து முன்னோர் லெப்பையாக இருந்து ராவுத்தராக மாறினார்கள் என்று கதை கட்ட வேண்டியதில்லை.

வயதானவர்களிடம் பேசும்போது 'நாம் எங்கிருந்து வந்தோம்?' என்று கேட்காதீர்கள். உடனே அரபு நாடு, துருக்கி என்று பெரிய கதை வந்துவிடும். 'உங்க அத்தாவோட அத்தா என்ன தொழில் பார்த்தாங்க?', 'பக்கத்து வீட்டுக்காரங்க அவரை எப்படிக் கூப்பிட்டாங்க?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். உள்நாட்டு ஊர்களில் முஸ்லிம் பெரியவர் யாரையும் 'ராவுத்தரே' என்று மரியாதையாகக் கூப்பிடும் பழக்கம் இருந்தது. அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பெயரோடு ஒட்டிய குடும்பங்களும் இருக்கலாம். குதிரைப்படை, குதிரை வியாபாரம், குதிரைப் பழக்கம், இது எதுவும் இல்லாமல் அக்கம்பக்கத்து மரியாதை மட்டும்: நான்கு வாசலும் திறந்தே இருக்கின்றன. உங்கள் குடும்பம் எந்த வாசலில் வந்தது என்று காகிதம் சொன்னால்தான் உண்டு.

எல்லாப் பெயரும் இப்படி வழிவிடாது

ராவுத்தர் இணக்கமான பெயர். மரைக்காயரை எடுத்துப் பாருங்கள், நடுவழியில் வண்டி நின்றுவிடும். கடற்கரை முஸ்லிம்கள், கப்பலோட்டியவர்கள். மரக்கலராயர் என்பதே மரைக்காயர் ஆனது என்று ஒரு தரப்பு. அரபியில் கலத்தைக் குறிக்கும் மர்கப் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு தரப்பு. மர்கப், மரக்கலம் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இருப்பது தற்செயல். அந்தத் தற்செயல்தான் இவ்வளவு சண்டைக்கும் காரணம். கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்களின் பெயரில் 'ராயர்' என்ற வாலே இல்லை என்பதை நான் கவனிப்பேன். மரக்கலத்தோடு உறவு என்பது வரைக்கும் போவேன். 'ராயர்' என்ற மணிமுடியை வைக்கக் கை வராது. இந்த மாதிரி இடத்தில் இரண்டு விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

தேடியதை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் ஒரு பக்கம் போதும். இடப்பக்கம் சொல்லுக்கு, வலப்பக்கம் குடும்பத்துக்கு. நடுவில் ஒரு கோடு, அதை அழிக்கவே கூடாது. இடப்பக்கத்தில் மூலச்சொல், அது தேய்ந்த படிகள், பக்கத்து மொழி வடிவங்கள், முதல் உறுதியான ஆட்சி, அதன் காலம். வலப்பக்கத்தில் பெயர், ஊர், வருடம், ஜீவனம், எந்தக் காகிதத்தில் பார்த்தோம் என்பது. காகிதம் இல்லாமல் வாய்ச்சொல்லாக வந்ததைப் பென்சிலில் எழுதுங்கள்.

என் நண்பரும் அப்படி ஒரு நோட்டுப் போட்டார். இடப்பக்கம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிரப்பிவிட்டோம். வலப்பக்கத்துக்கு எட்டு மாதம் ஆனது. கடைசியில் அவருடைய பாட்டனாரின் தகப்பனார் ஒரு புஞ்சை நிலம் வாங்கிய பத்திரத்தின் நகல் கிடைத்தது. பெயர், அதன் பின்னால் தெளிவாக 'ராவுத்தர்', ஊர், நான்கு எல்லை. ஜீவனம் என்ற இடத்தில் 'மாட்டு வியாபாரம்' என்று இருந்தது.

போனில் கூப்பிட்டுச் சொன்னார். "கழுதை இல்லைன்னு சொன்னேனே, மாடு இருந்திருக்குண்ணே" என்றார். பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.